தோளில் ஒரு கை

வேலை போன ஞானசேகரனிடம், வேலை தேடும் தளத்தில் போட, கோட் அணிந்த படம் ஒன்றுதான் இருந்தது: இருபது வருடத்துக்கு முந்தைய கல்யாண வரவேற்புப் படம்.

“வாடகைக் கோட்டு! தோள் ரெண்டும் தொங்குச்சே,” என்று சிரித்தாள் மனைவி மரகதவல்லி.

“நீதானே கடைசிவரைக்கும் இழுத்துப் பிடிச்சிக்கிட்டு நின்னே?”

படத்திலிருந்து அவளை வெட்டி நீக்கினான். தோளில் மருதாணி விரல்கள் மட்டும் மிஞ்சின.

“அதையும் அழிச்சிடுங்க. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“இருக்கட்டும் விடு.”

ஒருவழியாக நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டு இரவல் கோட்டோடு மடிக்கணினி முன் உட்கார்ந்தான். இதுவும் தொங்கியது. அவள் பின்னால் வந்து தோளை இழுத்துப் பிடித்தாள்.

“ஐயோ, ஆரம்பிச்சிட்டாங்க. கை தெரியுமே!”

“எடுக்காதே, மரகதம்.”

திரையில் ஒரு பெண் வணக்கம் சொல்லிவிட்டு, அவன் தோளையே பார்த்தாள்.