சாளைக் குழம்புக்குக் காவல்

வளைகுடாவில், அல் குசைஸ் தொழிலாளர் கேம்பில் வெள்ளிக்கிழமை மத்தியானம். மெஸ் பருப்புக்குப் பயந்து குற்றவாளியாகிவிட்ட யேசுதாசனின் சாளை மீன் குழம்பு, கட்டிலுக்கு அடியில், பிடிபட்டால் பறிபோகும் கரண்ட் அடுப்பில் கொதிக்கிறது. வாசலைக் காவல் காக்க வேண்டிய மாயாண்டியோ, டிவியில் ஓடும் படத்தில் கொட்டும் நார்வே பனிக்குப் போர்வை போர்த்தி நடுங்கிக்கொண்டிருக்கிறான். படத்தில் கொள்ளைக்காரன், தான் கடத்திவந்த முதலாளிக்குக் காலுறை மாட்டிவிடுகிறான். "இவனுவளுக்குக் கடத்தவே மனசில்ல, பின்ன எதுக்குலே இந்தத் தொழிலு?" என்று யேசுதாசன் தலையில் அடித்துக்கொள்கிறார். "நீ வாசலப் பாருலே." "இருண்ணே, போலீஸ் வருது." படத்தில்தான் வருகிறது. அறைக்குள் கேம்ப் அதிகாரியான 'கேம்ப் பாஸ்' வந்து, மோப்பம் பிடித்து, குனிந்து, எக்ஸ்டென்ஷன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்குகிறார். அடுப்போடு டிவியும் அணைகிறது. யேசுதாசனின் துண்டிலேயே அடுப்பைச் சுற்றிக்கொண்டு பாஸ் வெளியேறும்போதுதான் மாயாண்டி திரும்பிப் பார்க்கிறான்.

"அண்ணே, வாசல்ல யாரோ நிக்கிறாங்க."