இடப்பக்கம்

தன் தங்கை புருஷன் சூசை ஊரில் இல்லாத நாளில், அவனுடைய ஃபைபர் படகுக்குப் பக்கத்தில் ரொசாரியோ பழைய வலைகளைக் கொளுத்தினான். தீ படகைத் தொடவில்லை. அனல் மட்டும் அரைமணி நேரம் இடப்பக்கத்தில் அடித்தது. கொப்புளித்த பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புது நீலம் பூசினான்.

தட்டிப் பார்க்காமல் அந்தக் கரையில் யாரும் படகைக் கடலில் தள்ளமாட்டார்கள்; உள்ளே ஃபைபர் விட்டுப்போயிருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். திரும்பி வந்த சூசை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுற்றினான். கணீரென்று வந்த சத்தம் இடப்பக்கத்தில் அட்டையைத் தட்டியதுபோல் அமுங்கியது.

"என்ன மச்சான், இங்கன மட்டும் ஊமையாயிட்டு?"

"பெயிண்டு இன்னும் காயல மாப்ள."

சூசை நிறம் ஒட்டாத தன் விரலைப் பார்த்தான்.

"அப்ப நீரும் ஏறும்."

ரொசாரியோ ஏறி, நீலம் பூசிய பக்கத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். படகு கடலில் இறங்கியதும் அலை அந்தப் பக்கமாகவே வந்துகொண்டிருந்தது.