தெருமுனை வரைக்கும் கேட்கணும்

"போன மாசம்தானேம்மா ஓட்டை சைலன்சரைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டினேன்? வண்டி பூனை மாதிரி வந்து நிக்குமே!" மெக்கானிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நிக்குதுண்ணே. ஆனா எங்க வீட்டுக்காரருக்கு ரேஸ் கார் சத்தம்னா உயிர். நாளைக்குப் பிறந்தநாள். கம்மி விலையில நல்லா உறுமுற சைலன்சரா மாட்டுங்க. அவர் ஊர்லேர்ந்து திரும்புறதுக்குள்ள முடியணும்." அவள் வாசலைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். ஆறு வயது மகள் அவள் கையை விடவேயில்லை.

"வேற கார்ல கழட்டினது ஒண்ணு கிடக்கு. பாதி விலைதான்."

"தெருமுனையில வரும்போதே வீட்டுக்குள்ள கேட்குமா?"

'புருஷன் மேல இவ்வளவு ஆசையா!' என்று மெக்கானிக் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வேலையை முடித்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தார். பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது.

மறுகணம் சிறுமி ஓடிப்போய் டயர் அடுக்குக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, சீக்கிரம் வா! அப்பா வந்துட்டாரு!"

மெக்கானிக்கின் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்தது.

"போதும்ணே, இந்தச் சத்தம் போதும்," என்றாள் அவள். "ஒரு மாசமா அவர் வர்றதே எங்களுக்குத் தெரியலை."