ஏழாம் நம்பர் குச்சி

நிலக்கடலைக் காட்டில் நிலம் அளக்க நாலு பேர் வந்து ஒரு அளவுக்குச்சியை அடித்துவிட்டுப் போனார்கள். நெற்றியில் ஏழாம் நம்பர் எழுதியிருந்த அந்தக் குச்சி, அன்றைக்கே அதட்ட ஆரம்பித்தது.

"ஏய் மண்புழு! உனக்குக் கீழே அலுமினியம் எடுக்கிற பாக்சைட் கல்லு கிடக்கு. மேல்மண்ணை வழிச்செறிஞ்சிட்டுத் தோண்டப் போறாங்க. இடத்தைக் காலி பண்ணு."

தின்று தின்று மண்புழு பொலபொலவென்று ஆக்கி வைத்த மண் அது.

"எப்பங்க தோண்டுவாங்க?"

"மழை முடிஞ்சதும் ஜீப்புல வருவாங்க. வந்ததும் என்னைத்தான் தேடுவாங்க."

மழை ஒரு மாதம் பெய்தது. குச்சியை வெட்டியவர்கள் வேலியில் நின்ற பச்சைக் கிளுவையில் வெட்டியிருந்தார்கள். கிளுவைக் கொம்பை எங்கே ஊன்றினாலும் துளிர்த்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒருநாள் குச்சி தயங்கித் தயங்கிக் கூப்பிட்டது. "அண்ணே, அடியில என்னமோ குறுகுறுங்குது."

மண்புழு சுற்றிவந்து பார்த்தது. "வேரு தம்பி. மண்ணு பிடிச்சிருச்சு உனக்கு."

அப்போது தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. குச்சி அவசரமாகத் புதிதாகத் துளிர்த்திருந்த நாலு இலைகளையும் இழுத்து நெற்றியை மூடிக்கொண்டது.

"அண்ணே, ஏழாம் நம்பர் எங்கேன்னு கேட்டா, பார்க்கவே இல்லைன்னு சொல்லிடுங்க."