கேட்டுக்கு வெளியே ஒரு கேள்வி

"இது என்ன செடி?"

வந்துட்டார்யா வந்துட்டார்! செடிக்குப் பின்னால் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. மணி சரியாக ஏழு. ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது.

கேட்டுக்கு வெளியே அதே பெரியவர். அவர் கையைப் பிடித்தபடி அவர் மனைவி. அந்தம்மா பாவம், வாயில்லாப் பூச்சி. உபத்திரவம் எல்லாம் இந்த மனுஷர்தான்.

"ஹைட்ராஞ்சியா" என்றார் டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வெள்ளையா பூத்த பூ ஏன் ரோஸ் ஆகுது?"

"ராத்திரியில குளிர் ஏற ஏற நிறம் மாறும்."

"எப்ப வெட்டி விடணும்?"

"குளிர்காலம் முடியறப்போ, துளிர் விடறதுக்கு முன்னாடி. புதுசா வர்ற கிளையிலதான் இது பூக்கும். அதனால பயப்படாம வெட்டலாம்."

பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டார். "சரி, வா போலாம்" என்று மனைவியை அழைத்துக்கொண்டு நடந்தார். போகிற போக்கில் ஒரு நன்றி? மூச்!

இன்றோடு இருபத்து மூன்றாவது நாள். அதே மூன்று கேள்வி, அதே வரிசை. சொல்லிச் சொல்லி டீச்சருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மக்கு மண்டையை நான் பார்த்ததே இல்லைங்க" என்று உள்ளே வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினார்.

"பெஞ்சு மேல ஏத்தி நிக்க வைக்கலாம்னா, நம்ம வீட்டுல பெஞ்சும் இல்லை" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு! நாள் பூரா வீட்டு வேலை, பேரப் பிள்ளைங்க, சமையல். காலையில இந்த ஒரு மணி நேரம்தான் எனக்குன்னு இருக்கு. மழையில பூ கனத்து, கிளையெல்லாம் தரையைத் தொடுது. குச்சி நட்டுக் கட்டலாம்னா விடறாரா?"

"கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். நீ பேசாம இருந்துடேன்."

"அது எப்படிங்க? கேள்வின்னு காதுல விழுந்தா, பதில் சொல்லாம என்னால இருக்க முடியுமா?"

"முடியாதுதான். எனக்குத் தெரியாதா?" என்றார் கணவர். அதைச் சொல்லும்போது கொஞ்சம் அனுபவம் தெரிந்தது.

அன்று மத்தியானமே டீச்சர் ஒரு வழி பண்ணினார். பழைய பலகை ஒன்றைத் தேடி எடுத்து, வெள்ளையடித்து, கறுப்பு பெயின்டில் முத்து முத்தாக எழுதினார்.

பெயர்: ஹைட்ராஞ்சியா, கூம்புப் பூ வகை.
பூ ரோஸ் ஆவது: குளிரினால்.
வெட்டும் காலம்: குளிர்காலத்தின் கடைசியில்.

கடைசி வரியை மட்டும் சிவப்பு பெயின்டில் எழுதினார்: தயவுசெய்து கேள்வி கேட்காதீர்கள்.

பலகையை கேட்டில் தொங்கவிட்டு, இரண்டு தடவை தள்ளி நின்று அழகு பார்த்தார்.

மறுநாள் ஏழு மணிக்குச் செடிகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். பலகையைப் பார்த்ததும் பெரியவருக்கு முகம் தொங்கிப் போனது. அந்தம்மா கிட்டே போய் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பெரியவர் கேள்வி எதுவும் கேட்காமல் மனைவியை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

"விட்டுதுடா தொல்லை!" டீச்சர் அன்று இரண்டு காபி குடித்தார். ஏழு கிளைகளுக்குக் குச்சி நட்டுக் கட்டினார். பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

அந்த நிம்மதி ஒரு நாள்தான் நீடித்தது.

"இது என்ன செடி?"

டீச்சர் நிமிர்ந்தார். பலகையைக் காணோம். பெரியவர் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அதன்மேல் போட்டு மூடியிருந்தார்! குளிரில் வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறார். கேள்வி மட்டும் குறையவில்லை.

அவ்வளவுதான். டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தார்.

"ஏங்க, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? சொன்னாலும் ஏறலை. வேலை மெனக்கெட்டு எழுதி வெச்சா அதையும் மூடி வைக்கறீங்க. இருபத்து மூணு நாள்! நான் என்ன, உங்களுக்குப் பாடம் நடத்தவா ரிட்டயர் ஆகி வந்திருக்கேன்?"

ஸ்வெட்டரைப் பிடித்து இழுக்கப் போனார். பெரியவர் பதறிப்போய்க் குறுக்கே கையை நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அதை மட்டும் எடுத்துடாதீங்க." திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தம்மா வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பூங்கொத்தை இரண்டு கையாலும் ஏந்தி, உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் இரண்டடி தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இருபது வருஷம் பூச்செடி நர்சரி நடத்தினவம்மா இவ. இப்ப எல்லாம் மறந்துபோச்சு. பிள்ளைங்க முகம் மறந்துபோச்சு, என் பேரும் மறந்துபோச்சு. இந்தச் செடியைப் பத்திக் கேட்டா மட்டும் கொஞ்ச நேரம் யோசிச்சு சரியா சொல்லிடுவா. இந்தச் சுத்துவட்டாரத்துல உங்க வீட்டுலதான் இது இருக்கு. அவ பக்கத்துலயே நிக்கறப்போ இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது? முந்தாநேத்து வரைக்கும் யோசிக்கவாவது யோசிச்சா. நேத்து பலகையைப் பார்த்ததும், 'இதுல எழுதியிருக்கு பாருங்க'ன்னு படிச்சுட்டு வந்துட்டா. யோசிக்கவே இல்லை. அதான் மூடினேன்."

டீச்சருக்குக் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. இருந்தாலும் ஒன்று புரியவில்லை.

"அதுக்கு ஏங்க தினமும் வந்து என்கிட்ட கேக்கறீங்க?"

"உங்ககிட்ட நான் ஒரு நாள்கூட கேக்கலையேம்மா" என்றார் பெரியவர். "இவகிட்டதான் கேக்கறேன். இவ யோசிச்சு வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க பதில் சொல்லிடறீங்க."