முட்டியில் தூவிய மருந்து

மலைமேல் குண்டூர் நாட்டில் வெயில் ஏறிவிட்டது. வாசலில் மிளகு காய்கிறது. சேலத்து ஆஸ்பத்திரியில் முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாளான மாராயி, கட்டிலில் காலை நீட்டிக் கிடக்கிறாள். கிராம நர்ஸ் அருணா துணிக்கட்டைப் பிரிக்கிறாள். தையலின்மேல் வெள்ளையாக ஏதோ பொடி ஈரத்தில் கட்டிதட்டி ஒட்டியிருக்கிறது. "இதென்னங்க?" மாராயியின் புருசன் சாமியப்பன் சன்னல் மாடத்தைக் காட்டுகிறான். அங்கே சிவப்பும் கறுப்புமாகக் காலிக் கேப்சூல் கூடுகள் காற்றில் உருள்கின்றன. "மாத்திரையப் பிரிச்சு மூணு வேளையும் தூவறேன் கண்ணு. புது மூட்டு ஒட்டறதுக்கு உள்ள வெச்ச சிமெண்டுலயே மருந்துப் பொடியக் கலந்திருக்காங்கன்னு டாக்டரே சொன்னாரு. வாயில போட்டா வயித்துக்குத்தான போவுது? முட்டிக்கு அதுக்கெப்படி வழி தெரியும்?" அருணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "சிமெண்டுல இருக்கறது மூட்டைச் சுத்தி நிக்குதுங்க. மாத்திரை ரத்தத்துல போயிக் காக்கோணும். ரெண்டும் வேணும். சீழ் புடிச்சா, வெச்ச மூட்டையே கழட்டோணுங்க." அருணா கையுறை மாட்டித் தையலோரம் அழுத்திப் பார்க்கிறாள். சீழ் இல்லை, ஆனால் லேசாகச் சுடுகிறது. பொடியைக் கழுவித் துடைத்துப் புதுக்கட்டுப் போடுகிறாள். "மத்தியானப் பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டிருங்க. இப்ப இதை முழுங்கட்டும்." மாராயி கேப்சூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறாள். சாமியப்பன் அவள் தொண்டையைப் பார்க்கிறான், வயிற்றைப் பார்க்கிறான், பிறகு கட்டிலோரம் குந்தி முட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சற்றுப் பொறுத்துக் கேட்கிறான்: "வந்துருச்சா புள்ள?"