மிலோராட் பக்கத்துக் குமிழ்

செர்பியாவின் கிராகுயேவாட்ஸ் நகரில், அடுக்குமாடி முற்றத்தில் மேகம் கவிந்திருக்கிறது. உடைசல் காரிலிருந்து கழற்றி வந்த, ரிமோட்டில் எல்லாக் கதவையும் திறக்கும் சென்ட்ரல் லாக்கை மிலோராடின் பழைய காரில் பொருத்திக்கொண்டிருக்கிறான் பக்கத்து வீட்டு போயான். மிலோராட் மீந்த திருகாணிகளை உள்ளங்கையில் உருட்டியபடி நிற்கிறார். முப்பது வருஷமாக மனைவி யேலிகாவின் பக்கத்துக் கதவைத்தான் முதலில் திறந்துவிடுவார். அவள் உள்ளே ஏறி, குறுக்கே சாய்ந்து, அவர் பக்கத்துக் கதவின் பூட்டுக் குமிழைத் தூக்கிவிடுவாள். மழையில் ஒரு நொடி தாமதித்தால், “தூங்கிட்டியா?” என்று கத்துவார். தூக்கிவிட்டதற்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. போன மார்ச்சில் அவளைப் புதைத்தாயிற்று.

வேலை முடிகிறது. போயான் ரிமோட்டை மிலோராடிடம் கொடுத்துவிட்டு, அவள் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்கிறான். “உள்ளேருந்து பூட்டிட்டேன். திறந்து பாருங்கண்ணே, ஒரே அமுக்குதான்!”

தூறல் விழுகிறது. மிலோராட் தன் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி, உள்ளே குமிழையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“நனையிறீங்களேண்ணே! ரிமோட் உங்க கையிலதானே இருக்கு, யாருக்காக நிக்கிறீங்க?”